கிளாவர் ரெண்டு இல்லாத கட்டுகள்

1. கரண்ட் போன முதல் நாள்

மரக்காணத்தில் உப்புப் பேக்கிங் ஷெட்டில் நான் சூப்பர்வைசராகச் சேர்ந்த அன்றைக்கே கரண்ட் போய்விட்டது. கரண்ட் போனால் பாக்கெட் ஒட்டுகிற சீலிங் மெஷின் நிற்கும். மெஷின் நின்றால் பெண்களின் கை நிற்கும். கை நின்றால் வாய் ஆரம்பித்துவிடும். நான் போய்ச் சேர்ந்த அரை மணி நேரத்தில், தண்ணீர்க் குடத்தை யார் எடுத்தது என்பதில் தொடங்கி யாருடைய மாமனார் எப்படிப்பட்டவர் என்பது வரைக்கும் சண்டை போய்விட்டது. "சும்மா இருங்க" என்று இரண்டு முறை கத்தினேன். என்னை ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.

என் பையில் அன்றைக்கு ஒரு சீட்டுக்கட்டு இருந்தது. வேலைக்கு வருகிறவள் பையில் சீட்டுக்கட்டு எதற்கு என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரர் ஜாபர் துபாயில் ஒரு கிஃப்ட் கடையின் குடோனில் வேலை பார்த்தார். அட்டைப் பெட்டி கிழிந்துபோன சாமான்களைக் கடைக்காரர்கள் விற்க மாட்டார்கள், வேலைக்காரர்களுக்கே கொடுத்துவிடுவார்கள். அப்படிக் கிடைத்த கட்டு அது. முதல் லீவில் வந்தபோது கொண்டுவந்தார். அவர் திரும்பிப் போன மூன்றாம் நாள் மாமியார் அதைப் பார்த்துவிட்டார்.

"வூட்ல இதெல்லாம் இருந்தா மலக்குமாருங்க வர மாட்டாங்க. தவ்பா தவ்பா. மொதல்ல எடுத்துக்கினு போ வெளிய."

வானவர்கள் நுழைய மாட்டார்களாம். ஆனாலும் தூக்கிப் போட மனம் வரவில்லை. பையில் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டேன்.

சண்டைக்கு நடுவில் அந்தக் கட்டைச் சாக்கின் மேல் வைத்தேன். வட்டமான சீட்டுகள். சின்ன தோசை அளவுக்கு, மூலையே இல்லாமல். வாய்கள் ஒவ்வொன்றாக மூடின.

"யக்கா, இன்னாக்கா இது? சீட்டா, அப்பளமா?" என்றாள் செல்வி. பிரம்மதேசத்தில் இருந்து தினமும் முதல் பஸ்ஸில் வருகிறவள். சீலிங் மெஷினில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது, வாயிலும்தான்.

காசு வைக்கக் கூடாது, கரண்ட் வந்த நொடியில் சீட்டைக் கீழே வைக்க வேண்டும் என்று இரண்டு சட்டம் போட்டேன். என் பேச்சை அவர்கள் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். முதலாளி உள்ளே வந்தபோது நாங்கள் நாலு பேர் சீட்டோடு உட்கார்ந்திருந்தோம், மற்றவர்கள் சுற்றி நின்றிருந்தார்கள்.

"இன்னாம்மா, வந்த அன்னிக்கே கிளப்பு ஆரம்பிச்சிட்டியா?"

எனக்கு உயிரே போய்விட்டது. அவர் ஒரு சீட்டை எடுத்தார், திருப்பினார், எது மேல் எது கீழ் என்று தெரியாமல் இன்னொரு முறை திருப்பினார். பிறகு பக்கத்துச் சாக்கில் உட்கார்ந்து, "எனுக்கும் ஒரு கை போடு" என்றார்.

2. வட்டச் சீட்டைப் பிடிக்கும் முறை

இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள், அதனால் எழுதி வைக்கிறேன். வட்டச் சீட்டை விசிறி மாதிரி விரிக்க முடியாது. வளையல் அடுக்குகிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகக் கொஞ்சம் நகர்த்திப் பிடிக்க வேண்டும். கலைக்கும்போது கையில் ஈரம் இருக்கக் கூடாது. உப்பில் வேலை செய்கிற கையில் எப்போதும் ஈரம் இருக்கும், அதனால் நாங்கள் கையில் முகப் பவுடர் தடவிக்கொண்டுதான் கலைப்போம். கீழே விழுந்தால் உருண்டு ஓடும். ஒருமுறை டைமன் ராஜா உருண்டுபோய் உப்புக் குவியலில் செருகிக்கொண்டார். அவரைத் தோண்டி எடுத்துத் துடைத்த பிறகும் கடைசி வரைக்கும் கரித்துக்கொண்டுதான் இருந்தார். நக்கிப் பார்த்துச் சொன்னது செல்வி.

நாங்கள் ஆடியது கழுதை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எல்லாச் சீட்டையும் பங்கு போட்டுவிட வேண்டும். ஒருவர் கிளாவர், அதாவது மூன்று இலைச் சீட்டு, போட்டால் மற்றவர்களும் கிளாவர் போட வேண்டும். எல்லாரும் போட்டுவிட்டால் அந்தச் சீட்டுகள் கழிந்துவிடும். கிளாவர் இல்லாதவர் வேறு இனத்துச் சீட்டைப் போட்டு வெட்டுவார். அப்போது கிளாவரில் யார் போட்ட சீட்டு பெரியதோ, கீழே கிடக்கிற அத்தனையையும் அவர் அள்ளிக்கொள்ள வேண்டும். கடைசியில் கையில் சீட்டோடு நிற்பவர் கழுதை. ஆகவே ரம்மியில் ராஜாவுக்கும் ராணிக்கும் உள்ள மரியாதை கழுதையில் கிடையாது. இங்கே பெரிய சீட்டுதான் பாரம். சின்னச் சீட்டு, அதிலும் ரெண்டு, கையில் இருந்தால் பிழைத்தீர்கள்.

3. துபாய் மாமா

அந்த முதல் நாள் நாலு பேருக்குப் பங்கு போட்டபோது ஒருத்திக்கு ஒரு சீட்டு குறைந்தது. எண்ணிப் பார்த்தால் ஐம்பத்தொன்று. கிளாவர் ரெண்டைக் காணோம். சாக்கை எல்லாம் உதறிப் பார்த்தோம், இல்லை. சாயந்திரம் துபாயிலிருந்து வீட்டுக்காரர் போன் பண்ணினார்.

"எண்ணிட்டியா? நான்தான் எடுத்துக்கினேன்."

"எதுக்குங்க?"

"நான் வந்தாத்தான் கட்டு முழுசாவணும். அதுக்குத்தான். பெரிய சீட்ட எடுத்தா உனுக்கு ஆட்டம் கெட்டுடும்னு சின்னதா பாத்து எடுத்தேன். ரெண்டு எதுக்காவப் போவுது?"

அவருக்கு ரம்மி மட்டும்தான் தெரியும். எங்கள் ஆட்டத்தில் ரெண்டுதான் ஆளைக் காப்பாற்றும் சீட்டு என்று நான் சொல்லவில்லை. சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த முறை ஏழையோ எட்டையோ எடுத்துக்கொண்டு போவார். எங்கள் ஆட்டத்தின் உயிர்ச்சீட்டு அவரிடம் இருக்கிறது என்பது எனக்குப் பிடித்திருந்தது. அதை நினைத்துக்கொண்டு வேலை செய்வது சுகமாக இருந்தது என்றே சொல்லிவிடுகிறேன்.

சீட்டு இல்லாவிட்டால் ஆட்டம் நிற்குமா? ஷெட்டில் பிரிண்ட் பிசகிய பவுச் கவர்கள் நிறையக் கிடக்கும். செல்வி ஒன்றை எடுத்து, வட்டச் சீட்டை மேலே வைத்துக் கத்தரித்து, பேனாவால் மூன்று இலைக் குறியும் 2 என்ற எண்ணும் போட்டாள். முதல் ஆட்டத்திலேயே எங்கள் புத்திசாலித்தனம் விளங்கிவிட்டது. மற்றச் சீட்டுகளின் முதுகு சிவப்பு. இதன் முதுகு நீலம், அதில் பாதி "அயோடின் கலந்த". கவர் யார் கையில் இருக்கிறது என்று ஷெட்டுக்கே தெரிந்தது. ரெண்டை எடுத்துப்போனது யார் என்று நான் சொன்னதும் அதற்குத் துபாய் மாமா என்று பேர் வைத்துவிட்டார்கள்.

"துபாய் மாமா யாருகிட்ட இருக்காரு?" என்று ஒருத்தி கேட்பாள்.

"இதோ, என் கையிலதான் பத்திரமா இருக்காரு," என்று இன்னொருத்தி காட்டுவாள். என் புருஷனை இப்படி ஆளாளுக்குக் கையில் பிடித்துக்கொள்கிறார்களே என்று எனக்குக் கோபம் வர வேண்டும். வந்ததில்லை. பங்கு போடும்போது அந்த நீல முதுகு என்னிடம் விழுந்தால் அன்றைக்கு முழுவதும் மனம் லேசாக இருக்கும்.

4. மீன் வந்த கதை

சில வருடங்களுக்கு ஒருமுறைதான் லீவு. ஒவ்வொரு லீவுக்கும் ஒரு கட்டு வந்தது. ஒவ்வொன்றிலும் கிளாவர் ரெண்டு இருக்காது. எந்தக் கட்டானாலும் அந்த நீலக் கவர்தான் ரெண்டு.

இருதய வடிவக் கட்டு பார்க்க அழகு, கலைக்கத் தொல்லை. மேலே உள்ள பள்ளத்தில் மற்றச் சீட்டுகள் மாட்டிக்கொள்ளும். அலை மாதிரி வளைந்த கட்டு ஒன்று. அதைக் கையில் பிடித்தால் சீட்டு சரிந்து விழுவது போலவே இருக்கும். முதலாளி அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டார். பிறகு, "சுகர் ஏறிடுச்சோன்னு பயந்துட்டேன்" என்றார். விரல் நகத்தளவு சீட்டு ஒன்று. அதை வைத்துக்கொண்டு ஆட எங்கள் வெடித்த விரல்களால் முடியவில்லை, பார்த்துவிட்டு எடுத்து வைத்துவிட்டோம்.

மீன் வடிவக் கட்டு வந்தபோது ஆட்டமே நடக்கவில்லை. அது வஞ்சிரமா பாறையா என்று சண்டை. வால் வஞ்சிரம், வயிறு பாறை என்று முதலாளி தீர்ப்புச் சொன்னார். அதையும் யாரும் ஏற்கவில்லை. கரண்ட் வந்துவிட்டது.

ஐப்பசி கார்த்திகையில் உப்பளம் முழுக்கத் தண்ணீர் நிற்கும். இருப்பில் இருக்கிற உப்பும் காற்றிலேயே கசியும். ஈர உப்பைப் போட்டால் பவுச்சின் வாயில் சீல் பிடிக்காது, அதனால் காயும் வரைக்கும் எல்லாரும் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அந்த மாதிரி நாட்களில்தான் அதிகம் ஆடினோம். மழை தகரத்தில் விழுகிற சத்தத்தில் பேச முடியாது. சீட்டைப் பார்த்துக்கொண்டே துபாயில் இருக்கிற அவரை நினைப்பேன். இப்போது அங்கே என்ன நேரம், சாப்பிட்டிருப்பாரா, எந்தச் சட்டை போட்டிருப்பார். ஏங்கினேன். வேறு எப்படிச் சொல்வது?

"அடுத்த லீவுக்கு முடிச்சிக்கினு வந்துர்றேன், இன்ஷா அல்லாஹ்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுப் போவார். முதலில் தங்கச்சி கல்யாணம். பிறகு வீட்டுக்கு மேல் மாடி. பிறகு மாமியாரின் வைத்தியம். மாமியார் மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகும் வராமல் இருக்க ஏதோ ஒரு காரணம் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. எதுவும் பொய்க் காரணம் இல்லை. அதுதான் என் எரிச்சலே. பொய்யாக இருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன்.

5. முழுக் கட்டு

ஒருநாள் வீடியோ காலில் பொறுமை போய்விட்டது.

"இத்தினி கட்டு குடுத்தீங்களே, ஒண்ணாவது முழுசா குடுத்தீங்களா? எனுக்கு சீட்டு வேணாம், ஆளு வேணும்."

அடுத்த லீவில் அரச இலை வடிவத்தில் ஒரு கட்டு கொண்டுவந்தார். அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தபோது எண்ணினேன். ஐம்பத்திரண்டு. நம்பாமல் மறுபடி எண்ணினேன். கிளாவர் ரெண்டு உள்ளேயே இருந்தது.

அவர் என் பேச்சைக் கேட்டுத்தான் முழுசாகக் கொடுத்திருக்கிறார். ஆனால் அவர் கையில் எதுவும் இல்லையென்றால் திரும்பி வந்து சேர்க்க வேண்டியதும் இல்லையே. இந்த மனிதர் வருகிற நினைப்பையே விட்டுவிட்டாரா?

அவர் கிளம்புகிற அன்று, மூட்டை கட்டும்போது, கிளாவர் ரெண்டை உருவி அவர் பாஸ்போர்ட் உறைக்குள் நானே வைத்துவிட்டேன். போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது.

"ஏம்மா, பாஸ்போர்ட்டக் குடுத்தா உள்ள இருந்து ஒரு எல விழுது. அந்த ஆபீசர் என்ன ஒரு மாதிரி பாக்குறான்."

"பாக்கட்டும். அது என்னோடது. கொண்டாந்து குடுக்கணும் நீங்க."

போனில் பிளாஸ்டிக் உறை மடங்குகிற சத்தம் கேட்டது.

"கொண்டாறேன்" என்றார்.

6. கடைசி நாள்

கொண்டுவந்தார். நான் ஓய்வு பெறுகிற அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஷெட்டுக்கு வந்தார். ஊருக்கு ஒரேயடியாக வந்து அப்போது ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்த ஒரு வாரமும் வீட்டில் நாங்கள் விருந்தாளிகள் மாதிரி ஒருவருக்கொருவர் வழி விட்டுக்கொண்டிருந்தோம்.

அதே பாஸ்போர்ட் உறையைத் திறந்து ரெண்டுகளைச் சாக்கின் மேல் வரிசையாக வைத்தார். வட்டம், இருதயம், அலை, நகத்தளவு, மீன், இலை. பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்திருக்கிறார். ஒரு மடிப்பு இல்லை, ஒரு கறை இல்லை. என் லாக்கரில் இருந்து வட்டக் கட்டை எடுத்தேன். உப்பும் பவுடரும் எங்கள் விரல்களும் பட்டுப் பட்டு அது பழுப்பேறி, ஓரம் பிரிந்து கிடந்தது. அதற்குள் அவருடைய ரெண்டைச் செருகினால் தனியாகப் பளிச்சென்று தெரிந்தது.

"சீட்டு புதுசா இருக்குது, ஆளுதான் பழசாயிட்டாரு," என்றாள் செல்வி. எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

அவரையும் உட்கார வைத்துக் கழுதை ஆடினோம். ரெண்டு அவருக்கே விழுந்தது. முதல் தடவை கிளாவர் இறங்கியதுமே, இது எதற்கு என்கிற மாதிரி அதைத் தூக்கிப் போட்டுவிட்டார். அடுத்த தடவை கிளாவர் வந்தபோது அவர் கையில் ராஜாதான் மிச்சம். செல்வி வெட்டினாள். மொத்தத்தையும் அள்ளினார். கடைசியில் அவர்தான் கழுதை.

"இன்னா மாமா, ரெண்ட போயி மொதல்லயே உட்டுட்டீங்களே! இந்த ஆட்டத்துல அதாம் மாமா காப்பாத்தும். அது இல்லாமத்தான் நாங்க இத்தினி வருசமா உப்பு கவர வெச்சி ஆடிக்கினு இருந்தோம்."

அவர் என்னைப் பார்த்தார்.

"ஒண்ணத்துக்கும் ஆவாதுன்னுதானே அத எடுத்துக்கினு போனேன். சொல்லியிருந்தா வேற சீட்ட எடுத்திருப்பேனே."

"எதைங்க எடுத்திருப்பீங்க? எத எடுத்துக்கினு போயிருந்தாலும் அது எங்ககிட்ட இருந்திருக்காது."

அவர் சீட்டைக் கலைக்கத் தொடங்கினார். வட்டச் சீட்டைப் பிடிக்கத் தெரியாமல் நாலைந்து உருண்டு ஓடின. எழுந்துபோய்ப் பொறுக்கி வந்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பெண்களில் பலருக்கு வீட்டுக்காரர் வெளிநாட்டில்தான் இருப்பார். உங்களுக்கு நான் சொல்ல முடிந்தது இதுதான். உன்னிடமிருந்து சின்னதைத்தான் எடுத்துக்கொண்டு போகிறேன் என்று ஒருவர் சொன்னால், உங்கள் ஆட்டத்தில் அது எப்படிப்பட்ட சீட்டு என்பதை அன்றைக்கே சொல்லிவிடுங்கள். சொன்னால் இருந்துவிடுவார் என்று நான் சொல்ல மாட்டேன். தெரிந்துகொண்டு போகட்டும்.

இப்போது கட்டுகள் எல்லாம் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. ஆறும் முழுசு. போன வாரம் அவற்றைத் துடைத்து அடுக்கும்போது அவர் அந்த நீல முதுகுக் கவர்த் துண்டை எடுத்துக் காட்டினார்.

"அதான் ரெண்டு வந்துடுச்சே. இது எதுக்கு இன்னும்? தூக்கிப் போட்டுடவா?"

வாங்கி உள்ளே வைத்துவிட்டேன். இத்தனை வருடம் என்னோடு இருந்தது அதுதான்.