பெனியமினாவின் சேவை வேன்

பெனியமினாவுக்கு மின்சார வேலை தெரியும் என்று ஊருக்கு எப்படித் தெரியும்? பெனியமினா சொல்லித்தான். நியூசிலாந்தில், ஆக்லாந்தில் பத்துப் பதினோரு வருஷம் எலக்ட்ரிக்கல் லைனில் இருந்தேன் என்பான். இருந்தது உண்மைதான். தொழிற்சாலையில் வந்து விழும் பிளக்குகளை அட்டைப்பெட்டிக்குள் அடுக்கி, பெட்டியின் வாயை ஒட்டும் வேலை. ஒட்டுவதில் மட்டும் கெட்டிக்காரன். சம்பாதித்துக்கொண்டு வந்த ஒரே தொழில் அதுதான்.

பிறந்த மண்ணான சவாயி தீவுக்கு அவன் திரும்பியபோது கூடவே கப்பலில் ஒரு வேனும் வந்தது. எட்டுப் பேர் உட்காரும் வெள்ளை டீசல் வேன், கையால் கியர் மாற்றுவது, ஜப்பானில் யாரோ ஓட்டி, ஆக்லாந்தில் யாரோ ஓட்டி, அலுத்துப்போய்த் தள்ளிவிட்டது. மனைவி வரவில்லை. வேனை எடுத்துக்கொண்டு நீ போ, நிம்மதியை எனக்கு விட்டுவிட்டுப் போ என்றாளாம். அவளுக்கு அங்கே வேலை இருக்கிறது என்று இவன் ஊரில் சொல்லிக்கொண்டான். இறங்கிய வாரமே வேனின் பின்கண்ணாடியில் கொட்டை எழுத்தில் ஒட்டினான்: ‘குடும்பத்துக்குச் சேவை.’

சும்மா ஒட்டவில்லை. குடும்பத் தலைவருக்கான மதாய் பட்டம் அவன் பெரியப்பாவிடம் இருந்தது. பெரியப்பாவுக்கோ சர்க்கரை முற்றி ஒரு கால் போய்விட்டது. அவருக்குப் பிறகு குடும்பத் தலைமையும் நிலமும் யார் கையில் என்பதைச் சொந்தங்கள் கூடித்தான் முடிவு செய்யும். கூடினால் கேட்கிற முதல் கேள்வி, இவன் நமக்கு என்ன சேவை செய்தான் என்பதுதான். அடுப்பில் வெந்தவன், கடலில் வலை இழுத்தவன், சேம்புத் தோட்டத்தில் முதுகொடிந்தவன் எல்லோரும் அந்தக் கணக்கில் வருவார்கள். பெனியமினாவுக்குப் பட்டத்தின் மேல் ஆசை கொள்ளை கொள்ளையாக இருந்தது, முதுகை ஒடிக்கத்தான் விருப்பமில்லை. உட்கார்ந்தபடியே சேவை செய்ய ஏதாவது வழி உண்டா என்று யோசித்தவனுக்கு அகப்பட்டதுதான் இந்த வேன்.

ஓட்டவில்லை என்று சொல்ல முடியாது. ஓட்டினான். பெரியப்பாவை ஆஸ்பத்திரிக்கு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு, சாவு வீடுகளுக்கு முறைக்குக் கொடுக்கும் மெல்லிய பாய்களும் உப்புக்கறி வாளிகளும் ஏற்றிக்கொண்டு போனான். அதோடு நிறுத்தினானா? சீட்டுக்கடியில் ஆம்ப்ளிஃபயர், கதவுக்குக் கதவு ஸ்பீக்கர், கூரையோரம் நீலமும் ஊதாவுமாக ஓடும் விளக்குகள், கப்பல் வருகிறதோ என்று ஜனங்கள் எட்டிப் பார்க்கும்படியான ஒரு ஹாரன். அத்தனையையும் ஒரே ஒரு பேட்டரியின் தலையில் கட்டினான்.

கொஞ்ச நாளில் ஸ்டியரிங்குக்குப் பின்னால், பேட்டரி படம் போட்ட சின்னச் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. துறைமுகத்துப் பட்டறைக்காரர் பானெட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்தார்.

“பெல்ட் தேஞ்சு வழுக்குதுப்பா. அது சுத்தினாத்தான் ஆல்டர்னேட்டர் சுத்தும், ஆல்டர்னேட்டர் சுத்தினாத்தான் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும். பெல்ட்ட மாத்திடு. சின்ன வேலை.”

சின்ன வேலை என்றாரே, அதுதான் பெனியமினாவுக்குப் பொறுக்கவில்லை. அவன் வண்டிக்கு வருகிற கோளாறு சின்னதாக இருக்கலாமா? “எலக்ட்ரிக்கல் லைன்ல இருந்தவன்கிட்ட வந்து ரப்பர் பட்டையப் பத்திப் பேசறார்” என்று முனகிக்கொண்டே வண்டியைத் திருப்பினான். வீட்டுக்கு வந்து நெடுநேரம் யோசித்து, கெட்டுப்போனது அந்தச் சிவப்பு விளக்குதான் என்று கண்டுபிடித்தான். ரக்பி பந்து படம் போட்ட ஒரு ஸ்டிக்கரை எடுத்து அதன்மேல் ஒட்டினான். கோளாறு தீர்ந்தது.

பிறகு காலையில் வண்டியை எடுத்தால் பெல்ட் கிறீச்சிட்டது. பாட்டைச் சத்தமாக வைத்தான். முன்விளக்கு மங்கியது. நிலா வெளிச்சமே போதும் என்றான். பேட்டரி செத்தது. குளிர் நாட்டுக்காரன் செய்த பேட்டரி, நம் வெயில் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று புதுசு வாங்கி மாட்டினான். அதுவும் சாக, அடுத்ததைத் தினமும் ராத்திரி கழற்றி ஈரச்சாக்கு போர்த்தி சீமைப்பலா மரத்தடியில் படுக்க வைத்தான். பெற்ற பிள்ளைக்குக்கூட அவன் இவ்வளவு பார்த்திருக்க மாட்டான். விடிந்ததும் மாட்டிச் சாவியைத் திருப்பினால், ‘க்ளக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அதன்பின் தள்ள வேண்டும். தள்ள ஆள்? ஊர் வாலிபர்கள் எல்லாரும் நியூசிலாந்தில் ஆப்பிள் பறிக்கப் போயிருந்தார்கள். குடும்பத்தில் திடமாக மிஞ்சியது அவன் அக்கா ஃபுவாதினோ ஒருத்திதான். ஒரு காலத்தில் கொப்பரை லாரி ஓட்டியவள், ஊர்ப் பெண்கள் கிரிக்கெட்டில் பந்தைக் கடலுக்குள் அடிப்பவள், புருஷன் போன பிறகு குடும்பத்துச் சேம்புத் தோட்டம் முழுவதையும் தனியாகப் பார்ப்பவள். வாயும் தோளுக்கேற்ற வாய்தான்.

அக்காளுக்கு எதிரே தம்பி குரலை உயர்த்தக் கூடாது, அவள் உட்கார்ந்த பிறகுதான் அவன் உட்கார வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். பெனியமினா ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலையை மட்டும் வெளியே நீட்டி ரொம்ப மரியாதையாகத்தான் சொல்வான்.

“அக்கா, கொஞ்சம் தள்ளேன்.”

“ஏண்டா, எலக்ட்ரிக்கல் லைன்ல பேட்டரிக்கு இப்பிடித்தான் சார்ஜ் ஏத்துவாங்களா? அக்காவ வெச்சு?”

“பேசினா மூச்சு வாங்கும்க்கா. ரெண்டாவது கியர் போட்டிருக்கேன், ஒரே தம்ல தள்ளு.”

“அந்த ஊதா லைட்டயாவது அணைடா பாவி. பட்டப்பகல்ல எதுக்கு?”

“அது அணைஞ்சா அழகே போச்சே.”

அவள் பின்கதவில் கையை ஊன்றித் தள்ளுவாள். வண்டி இருமி, உதறி, உயிர் பெறும். உயிர் பெற்ற வண்டியை அவன் நிறுத்தினானா? நிறுத்த மாட்டான். “நிறுத்தினா அணைஞ்சிடும்க்கா, ஓடி வந்து ஏறு” என்று கத்திக்கொண்டே போவான். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுப்பும் வெள்ளைத் தொப்பியுமாக, ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஃபுவாதினோ புகைக்குள் ஓடி, திறந்து கிடக்கிற பக்கக் கதவில் தாவி ஏறுவாள். கோயிலுக்குப் போகிற சனம் முழுதும் அதைப் பார்க்க நின்று போகும். கோயில் வாசலில் முதலில் இறங்கி, எல்லாருக்கும் கதவைத் திறந்துவிட்டு, “சேவைன்னா இதுதான்” என்பதுபோல் நிற்பவன் மட்டும் பெனியமினா. வெட்கம் என்று ஒன்று கடையில் விற்றால் வாங்கி அவன் வாயில் போடலாம் என்றிருக்கும் ஃபுவாதினோவுக்கு.

பெரியப்பா இறந்தார். அடக்கம் முடிந்து, வாரிசைத் தீர்மானிக்கக் குடும்பம் கூடும் நாள் குறித்தார்கள். தலைநகர் ஆப்பியாவிலிருந்து படகில் வர வேண்டியவர்களில் முக்கியமானவள் லோதா அத்தை, பெரியப்பாவின் தங்கை. அவள் தலையாட்டாமல் அந்தக் குடும்பத்தில் ஒரு பன்றிகூடக் கைமாறாது. பெனியமினா சட்டையை இஸ்திரி போட்டு, வேனைக் கழுவி, துறைமுகத்துக்குப் போனான். ஸ்டெப்னியை எடுத்துக்கொள்வது போல அக்காவையும் ஏற்றிக்கொண்டான். படகு தாமதம். அவ்வளவு நேரமும் எஞ்சினை அணைக்காமல் டீசலை எரித்துக்கொண்டு நின்றான்.

அத்தை முன்சீட்டில் ஏறினாள். மற்றவர்கள் பின்னால், எல்லாருக்கும் பின்னால் மூட்டைகளோடு ஃபுவாதினோ. வழியெல்லாம் பாட்டு அலறியது. அத்தைக்குக் காது வலித்தது, பெனியமினாவுக்கோ பட்டம் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. பெரியப்பாவை எத்தனை தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான் என்பதை அந்தப் பாட்டுக்கு மேலே கத்திச் சொல்லிக்கொண்டே ஓட்டினான்.

பக்கத்து ஊரை எட்டும்போது பொழுது சாய்ந்தது, மாலை ஜெபத்துக்குச் சங்கு ஊதியது. இடுப்பில் லவாலவா வேட்டி கட்டிய ஊர் ஆட்கள் சாலையோரம் வரிசையாக நின்றார்கள். ஒருவர் கையைக் காட்டினார்.

“ஊர் ஜெபத்துல இருக்கு. வண்டிய அணைச்சிட்டு அமைதியா இருங்க.”

“பாட்ட அணைக்கிறேண்ணே. வண்டிய அணைக்க முடியாது” என்றான் பெனியமினா.

பாட்டு நின்றது. அந்த வண்டி உண்மையில் என்ன சத்தம் போடும் என்பதைக் குடும்பம் அன்றைக்குத்தான் கேட்டது. கழுத்தில் கத்தி வைத்த பன்றியைப் போலப் பெல்ட் கிறீச்சிட்டது. வீடுகளில் தலை குனிந்திருந்த சனம் நிமிர்ந்து பார்த்தது.

“என்னடா கொல்ற அதுக்குள்ள?” என்றாள் அத்தை.

“அது வண்டியோட சுபாவம் அத்தை.”

அத்தை ஸ்டியரிங் பக்கம் குனிந்தாள். இருட்டிவிட்டதால், ரக்பி பந்தின் ஓரத்தில் சிவப்பாக ஏதோ கசிவது தெரிந்தது. நகத்தால் சுரண்டினாள். வெயிலில் காய்ந்த ஸ்டிக்கர் கையோடு வந்தது. அதற்கடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“பேட்டரி படம் போட்டு எரியுது. இது எத்தன நாளா எரியுது?”

பின்னாலிருந்து ஃபுவாதினோ சொன்னாள்: “போன ஈஸ்டருக்கு முன்னாடிலருந்து அத்தை. ஐயாவுக்குக் கண்ண உறுத்திச்சாம், மூடிட்டாரு.”

வெளியே நின்ற ஆள் இதற்கு மேல் பொறுக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பிவிட்டார். எல்லாம் அடங்கியது. வீடு வீடாகப் பாட்டும் ஜெபமும் கேட்டது. பெனியமினாவும் கண்ணை மூடி உருக்கமாக ஜெபம் செய்தான், வண்டி கிளம்ப வேண்டும் என்று.

கிளம்பவில்லை. ‘க்ளக்.’ எல்லாரும் இறங்கினார்கள். ஃபுவாதினோ யாரும் சொல்லாமலே பின்னால் போய் நின்றாள். அத்தையும் பின்னால் வந்து கைபேசி வெளிச்சத்தை அடித்தாள். பின்கதவில், ‘குடும்பத்துக்குச் சேவை’க்குக் கீழே, இரண்டு இடத்தில் வெள்ளைப் பெயிண்ட் தேய்ந்து தகரம் தெரிந்தது. ஃபுவாதினோவின் உள்ளங்கைகள் சரியாக அங்கே போய் உட்கார்ந்தன.

“தினமும் நீதான் தள்றியா?”

“ஞாயித்துக்கிழம ரெண்டு தடவ அத்தை. கோயிலுக்குப் போக ஒண்ணு, வர ஒண்ணு.”

அத்தை வெளிச்சத்தைப் பிடித்தபடி நிற்க, ஃபுவாதினோ தள்ளி வண்டியைக் கிளப்பினாள்.

மறுநாள் குடும்பம் கூடியது. பெனியமினா எழுதி மனப்பாடம் செய்திருந்த பேச்சைப் பேசினான். எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை சாவு, எத்தனை கல்யாணம், எத்தனை மைல். தன் பேச்சில் தானே நெகிழ்ந்து தொண்டையைச் செருமினான். முடித்ததும் அத்தை கேட்டாள்.

“எல்லாம் சரி. வண்டிய யார் தள்ளினது?”

“ஓட்டினது நான் அத்தை.”

“நீ உக்காந்திருந்தே. ஆஸ்பத்திரிக்கு உங்க பெரியப்பாவையும் அவதான் தள்ளியிருக்கா, உன்னையும் சேத்து.”

“வண்டி என்னுது.”

“எடுத்துட்டுப் போ, யார் வேணாங்கிறா? விளக்கு எரிஞ்சா அதுமேல ஸ்டிக்கர் ஒட்டறவன் நீ. குடும்பத்த உன் கையில குடுத்தா, நாளைக்கு எவனாவது பசிக்குதுன்னு வாயத் திறந்தா அங்கயும் ஒட்டுவே.”

பெரியவர்களில் யாரோ சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பிலேயே விஷயம் முடிந்துபோனது. ஒவ்வொருவராக ஃபுவாதினோவின் பெயரைச் சொன்னார்கள். அவளும் எனக்கெதற்கு, வேண்டாம் என்று நாடகம் போடவில்லை. “சரி” என்றாள்.

பெனியமினாவுக்குக் காது இரண்டும் எரிந்தது. கப்பலில் வேனை ஏற்றிய நாளிலிருந்து அவன் மனதில் இருந்தது இந்த ஒன்றுதான், அது அவன் கண்ணெதிரே அக்காளிடம் போய்விட்டது. அழுகை வந்தது. சட்டைக் காலரைத் தூக்கி முகத்தைத் துடைப்பதுபோல் அதையும் மூடப் பார்த்தான். பக்கத்திலிருந்தவர் கண்ணில் தூசியா என்று கேட்டார். ஆமாம் என்றான்.

அடுத்த நாள் காலை அத்தையைப் படகுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். எல்லாரும் ஏறினார்கள். பெனியமினா சாவியைத் திருப்பினான். ‘க்ளக்.’ பழக்கதோஷம், மொத்த வேனும் திரும்பி ஃபுவாதினோவைப் பார்த்தது. அவளும் எழுந்தாள். அத்தை அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“நீ எங்க போறே? பட்டக்காரி வண்டி தள்ளினா ஊர் நம்ம மூஞ்சியில துப்பும். முன்னால வா.”

பெனியமினா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான். பிறகு இறங்கினான். ஃபுவாதினோ அந்த இடத்தில் ஏறி, முதல் வேலையாக ஊதா விளக்கை அணைத்தாள், இரண்டாவது கியரைப் போட்டாள்.

“துறைமுகத்துல முதல் வேலையா பெல்ட்ட மாத்தறோம். இப்ப தள்ளுடா.”

அவன் பின்னால் போனான். தான் ஒட்டிய எழுத்தை அவ்வளவு பக்கத்தில் அவன் பார்த்ததே இல்லை. கையை வைக்க இடம் தேட வேண்டியிருக்கவில்லை. தேய்ந்த இடங்கள் இரண்டும் தயாராக இருந்தன. தள்ளினான். நகரவில்லை. முதுகை வளைத்துத் தள்ளினான். சாலையோரம் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். வண்டி இருமியது, உதறியது, கறுப்புப் புகையை அவன் முகத்தில் விட்டுவிட்டுக் கிளம்பியது.

“அக்கா, நில்லு” என்றான்.

ஃபுவாதினோ ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

“நிறுத்தினா அணைஞ்சிடும்டா. ஓடி வந்து ஏறு.”

ஓடினான்.