இலவச இதழ்களுக்கு நான் போட்ட பூட்டு

கணினித் திரையில் ஒருவர் படித்துக்கொண்டிருக்கும் கட்டுரையை இன்னொருவர் படிக்க வேண்டுமானால், முதல் ஆள் எழுந்து போகும்வரை காத்திருக்கத்தான் வேண்டும் என்று நம்பிய நூலகர் தமிழ்நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. காத்திருக்கவும் வைத்தேன்.

1993இல் திண்டிவனத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் என் கையில் கொடுத்தது புத்தகம் அல்ல, சாவிக்கொத்து. கண்ணாடி அலமாரி, ஆய்வேடுகள் இருந்த இரும்பு பீரோ, பழைய இதழ்களைக் கட்டி வைத்திருந்த அறை, எல்லாவற்றுக்கும் பூட்டு. கொத்து இடுப்பில் ஆட நான் நடந்து வந்தால், “பூம்பூம் மாடு வருதுடா” என்பார்கள் பையன்கள். எனக்கு அதில் பெருமை வேறு. ஒரு புத்தகம் வெளியே போனால் அலமாரியில் ஓர் இடம் காலியாகும். அது திரும்பி வரும்வரை அந்தக் காலி இடத்தைக் காவல் காப்பதுதான் என் உத்தியோகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2010 தாண்டித்தான் நூலகத்துக்குக் கணினிகள் வந்தன. வந்த கையோடு மின்னிதழ்களும் வேண்டும் என்றார் கல்லூரி முதல்வர். சந்தா கட்டும் நிலையில் கல்லூரி இல்லை. அதனால் இலவசமாகக் கிடைக்கும் ஆய்விதழ்களைத் தேடிப் பிடித்து, துறைவாரியாக அடுக்கி, கல்லூரி இணையதளத்தில் ஒரு பக்கம் போட்டேன். இதுவரைக்கும் நல்ல வேலைதான். அப்புறம்தான் சாவிக்கொத்து தொங்கும் இடுப்பு அரித்தது. இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்ததைப் போகிறவன் வருகிறவன் எல்லாம் திறப்பதா? அந்தப் பக்கத்துக்குக் கடவுச்சொல் போடவைத்தேன். அதை யாருக்கும் சொல்லமாட்டேன். நானே எழுந்து வந்து, ஒரு கையால் மறைத்துக்கொண்டு மறு கையால் தட்டுவேன். ஆளுக்கு ஒரு நேரத்தில் ஒரு கட்டுரை.

கோலியனூரிலிருந்து ஒரு டீச்சர் வருவார். விழுப்புரத்தில் ஒரு பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டே எங்கள் கல்லூரியில் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தார். எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலைச் செடியின் இலையில் விழும் புள்ளி நோய்தான் அவருடைய ஆய்வு. ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டிய கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. வயிற்றில் பிள்ளை வேறு. சனிக்கிழமைகளில் நானும் அவரும் விழுப்புரத்தில் ஒரே ரயில் ஏறுவோம். ஓடிப்போய் அவருக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுப்பேன். என்னைப் போல் உபகாரி உண்டா என்று திண்டிவனம் வரும்வரை என்னை நானே மெச்சிக்கொண்டு வருவேன்.

ஒரு சனிக்கிழமை, அவர் கேட்ட கட்டுரையை வேறோர் ஆய்வு மாணவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது வெளிய போயிருக்குது டீச்சர். வந்ததும் தர்றேன்.”

“இன்னா சார், அதோ தெரியுதே?”

“தெரியுது. ஆனா அவருகிட்ட இருக்குதே!”

டீச்சர் காத்திருந்தார். அவர் முறை வந்தது. கூடவே மின்வெட்டும் வந்தது. குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனவர், சாயங்காலம் கையில் சில தாள்களோடு திரும்பி வந்தார்.

“கோச்சுக்காதீங்க சார். பஸ் ஸ்டாண்டாண்ட பிரவுசிங் சென்டர்ல தட்னேன். பாஸ்வேர்டு கீஸ்வேர்டு ஒண்ணுமே கேக்கல. அப்படியே வந்துருச்சு.”

தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். அதற்கு வாய் வரவில்லை.

“திருட்டுக் காப்பியா இருக்கும் டீச்சர். அத வெச்சிக்கினு எழுதினீங்கன்னா நாளைக்கு தீசிஸே பேஜாராயிடும்.”

அவர் முகம் வெளிறிப்போனது. தாள்களை என் மேசைக்கடியில் இருந்த குப்பைக்கூடையில் போட்டார். “நல்லவேள சொன்னீங்க சார்” என்றார். நன்றி வேறு.

மாதம் ஏற ஏற, ரயிலில் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டீச்சர் போன் செய்தார்.

“கடைசி சாப்டர்தான் சார் நிக்குது. வூட்லேர்ந்தே பாக்கறாப்பல எதனா வழி இருக்குதா?”

“ரூல்ஸ் இல்லியே டீச்சர்.”

அந்த ரூல்ஸைப் போட்டவனே நான்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் நூலகர்களுக்கான ஒரு பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். திறந்த அணுகல் என்றால் என்ன என்று ஓர் அம்மா பாடம் எடுத்தார். இதை யாரும் படிக்கலாம், நகல் எடுக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று எழுதியவர்களே அனுமதி கொடுத்துவிடுகிறார்கள். நல்ல இதழ் எது, போலி எது என்று பிரித்துக் காட்டுவதும், இணைப்புகள் செத்துப்போகாமல் பார்த்துக்கொள்வதும்தான் நம் வேலை என்றார். நான் கையைத் தூக்கினேன்.

“ஒரே நேரத்துல ரெண்டு பேரு எடுத்தா என்ன மேடம் பண்றது?”

அரங்கமே சிரித்தது. வேடிக்கைக்குக் கேட்டவன் போல நானும் சேர்ந்து சிரித்தேன். கோமாளி என்று பெயர் எடுத்து வைத்திருப்பதில் இப்படி ஒரு வசதி.

திரும்பி வந்து அந்தப் புள்ளி நோய்க் கட்டுரையைத் திறந்தேன். அந்த அனுமதி முதல் பக்கத்தின் அடியிலேயே அச்சாகியிருந்தது. எத்தனை சனிக்கிழமை நான் கையால் மறைத்துத் திறந்து கொடுத்த பக்கம் அது! நூலகத்தில் அப்போது யாரும் இல்லை. இருந்தும் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டேன்.

கடவுச்சொல்லை எடுக்கச் சொல்லிவிட்டு, டீச்சர் கேட்டிருந்த கட்டுரைகளை எல்லாம் அச்செடுத்துக்கொண்டு கோலியனூர் போனேன். குழந்தை பிறந்திருந்தது. மடியில் அது தூங்க, நான் திருட்டுக் காப்பி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் பழக்க தோஷம், “காத்துக்கே பூட்டு போட்ட ஆளு டீச்சர் நானு” என்று ஒரு ஜோக்கும் அடித்தேன். அவர் வீட்டுக்காரர் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

“கெடு முடிஞ்சிபோச்சு சார். எக்ஸ்டென்ஷன் கேட்டுக்கினு அலையிறேன்” என்றார். குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். என்னைத் திட்டியிருக்கலாம்.

நீட்டிப்பு கிடைத்து, வாய்மொழித் தேர்வும் முடிந்து, கட்டிய ஆய்வேட்டை நூலகத்தில் கொடுக்க அவர் வந்தபோது குழந்தை நடக்க ஆரம்பித்திருந்தது. எங்கள் கல்லூரி ஆய்வேடுகளை இரும்பு பீரோவிலிருந்து எடுத்து இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிடும் வேலையை அப்போதுதான் தொடங்கியிருந்தேன். அவருடையதுதான் முதலில் போக வேண்டும் என்று எனக்கு ஆசை. சாவிக்கொத்தை மேசை இழுப்பறையில் கழற்றிப் போட்டுவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

“உங்க தீசிஸத்தான் மொதல்ல போடப்போறேன் டீச்சர். யாரு வேணா, எங்கேர்ந்து வேணா படிச்சிக்கலாம். போடட்டுமா?”

அவர் என் இடுப்பை ஒரு பார்வை பார்த்தார்.

“சாவி யாருகிட்ட சார் இருக்கும்?”