வெள்ளிக்கிழமை முப்பத்தாறு பவுண்டு

லொரைன் ஹாட்லிக்கு ஐம்பது வயது. கிரிம்ஸ்பியில் மீன் ஆலையொன்றில் ஹாடக் துண்டுகளைப் பெட்டியில் அடுக்குகிற வேலை, பத்தொன்பது வருடமாக. ஒன்பது வருடம் முன்பு அவள் புருஷன் ட்ரெவர், அவள் பேரில் நாலு கடன் அட்டைகளைத் தேய்த்துத் தீர்த்துவிட்டு, ஹல்லில் இன்னொருத்தியோடு குடித்தனம் போய்விட்டான். ரொம்ப நல்ல மனுஷன். போகும்போது டிவியையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனான்.

விட்டுப்போன கடன் இருபத்துமூவாயிரம் பவுண்டு. அவள் கடன் கொடுத்தவர்களோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டாள். ஐந்து வருடம் மாதம் நூற்றி நாற்பது கட்டினால் மீதி தள்ளுபடி. திவால் என்று சொல்லவில்லையே தவிர, கிட்டத்தட்ட அதுதான். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. தலைமுடியைத் தானே வெட்டிக்கொண்டாள். பல் வலித்தபோது ஆஸ்பிரினோடு சமாளித்தாள். ஆலையில் ஒருத்தருக்கும் மூச்சு விடவில்லை. எங்கள் ஊரில் புருஷன் ஓடிப்போனதைச் சொல்லலாம், கர்ப்பப்பையை எடுத்ததைக்கூடச் சாப்பாட்டு மேசையில் சொல்லலாம், கடனை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

இப்போது அவளோடு இருப்பது தம்பி கீத். இரண்டு வருடம் முன்பு பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. அது வாடகை வீடுதான் என்றாலும், வீட்டுக்காரக் கிழவர் சம்மதித்ததால் நகரசபை கீழேயே அவனுக்கு ஒரு குளியலறை கட்டி, சுவரெங்கும் பிடிமானக் கம்பி வைத்துக் கொடுத்தது. அந்தக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு அவன் தானே போய்த் தானே வருவான்.

ஜனவரியில் கிழவர் போய்ச் சேர்ந்தார். லீட்ஸிலிருந்து அவர் மகன் ஏட்ரியன் வீட்டை விற்க வந்தான்.

"அறுபத்தெட்டாயிரம். ஏஜென்ட்கிட்ட விட்டா எழுபத்தஞ்சுக்குப் போகும். அப்பா உங்களப் பத்தி நல்லா சொல்லுவாரு, அதான் முதல்ல உங்ககிட்ட வரேன். மார்ச் கடைசி வரைக்கும் பொறுக்கறேன்" என்றான்.

லொரைன் சேர்த்து வைத்தது பதினோராயிரம் இருந்தது. மீதிக்கு வீட்டுக்கடன் வாங்கினால் மாதத் தவணை வாடகையைவிடக் குறைவு. கிடைக்காவிட்டால் கீத் லூத் ஊரில் இருக்கிற காப்பகத்துக்குப் போக வேண்டும். இந்த மாதிரிக் குளியலறையோடு வேறு வீடு இல்லையென்று நகரசபைப் பெண்மணி கையை விரித்துவிட்டாள்.

"லூத்ல எல்லாம் தொண்ணூறு வயசுக் கிழவிங்க லொரைன்" என்றான் கீத், குழறலாக. "நாப்பத்தாறு வயசுப் பையன் போனா என்னைய விட்டு வைப்பாளுங்களா?"

"ஆமா, மன்மதன். டீயக் குடி."

அவன் சிரித்தான்.

கடன் வாங்கித் தருகிற தரகர் ஸ்டூவர்ட் கொஞ்சம் நல்ல பையன். ஒப்பந்தம் போட்ட ஆறாவது வருடமே அந்தக் கறை கடன் பதிவிலிருந்து போய்விட்டதாம். ஆனால் விண்ணப்பத்தில் 'எப்போதாவது இப்படி ஒப்பந்தம் போட்டதுண்டா' என்று ஒரு கேள்வி இருந்தது.

"ஆமான்னே எழுதுங்க. பொய் சொல்லி வாங்கின வீட்ல எனக்குத் தூக்கம் வராது" என்றாள்.

பழைய கடன் கதை உள்ளவர்களுக்கும் வீட்டுக்கடன் தருகிற ஒரு சின்னச் சங்கத்தை அவன் பிடித்தான். ஒப்பந்தம் முடிந்த கடிதம், சம்பளச் சீட்டு, மூன்று மாத வங்கிக் கணக்கு எல்லாம் போனது. மார்ச் மூன்றாம் தேதி கூப்பிட்டான்.

"முடியாதுன்னுட்டாங்க. லொரைன், தப்பா நினைக்காதீங்க. நீங்க சூதாடுவீங்களா?"

"நானா? சர்ச்சுல லாட்டரிச் சீட்டு வித்தாக்கூட வாங்க மாட்டேனே."

"வாரா வாரம் வெள்ளிக்கிழமை பந்தயக் கம்பெனிக்கு முப்பத்தாறு பவுண்டு போகுது. டிசம்பர்ல நானூத்திப் பத்து ஜெயிச்சு, அன்னைக்கே பணமா எடுத்துட்டீங்க. பழைய கதையும் இருக்கு. அவங்க என்ன நினைப்பாங்க?"



அது அவள் பணமே இல்லை. வேலை செய்கிற வரிசையில் பன்னிரண்டு பேர், ஆளுக்கு மூன்று பவுண்டு, சனிக்கிழமைக் கால்பந்துப் பந்தயம். முன்பு வசூலித்தவள் காசை முழுங்கிவிட்டாள். அப்போது பன்னிரண்டு பேரும் ஒரே வாயாக, "லொரைன்கிட்ட குடுங்கப்பா, ஒரு பென்னி தப்பாது" என்றார்கள். அன்றைக்கு அவள் கழிப்பறையில் போய் அழுதாள். உலகத்தில் எந்த வங்கியும் நம்பாதவளைப் பன்னிரண்டு பேர் நம்பினார்களே என்ற சந்தோஷம். ஆள்கள் தருகிற சில்லறையை அவள் சமையலறையில் வைத்து ரொட்டிக்கும் பாலுக்கும் செலவழிப்பாள், பந்தயத்துக்குத் தன் கணக்கிலிருந்து கட்டுவாள், ஜெயித்தால் பணமாக எடுத்துப் பங்கு பிரித்துக் கொடுப்பாள். வங்கிக் காகிதத்தில் பந்தயத்துக்குப் போன பணம் மட்டும்தான் தெரியும், சில்லறையாக வந்த பணம் எங்கேயும் இல்லை. யோசிக்கவே இல்லை, பாவி.

"பன்னெண்டு பேருகிட்டயும் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. மறுபடி கேட்டுப் பாப்போம்" என்றான் ஸ்டூவர்ட்.

மறுநாள் தேநீர் இடைவேளையில் எழுந்து நின்று சொன்னாள், ஒப்பந்தம் முதல் எல்லாவற்றையும். ஏன் கையெழுத்து வேண்டுமென்று சொல்லாமல் கேட்க முடியாது.

"அட, அதுக்கென்ன கண்ணு" என்றாள் பக்கத்தில் பெட்டி ஒட்டுகிற ஷெல்லி. "குடு பேனாவ."

பன்னிரண்டு பேரும் போட்டார்கள். ஒருத்தி கட்டிக்கூடப் பிடித்தாள். அந்த வெள்ளிக்கிழமை லொரைன் வசூலிக்கப் போனபோது எல்லாரும் ஏற்கெனவே ஷெல்லியிடம் கொடுத்திருந்தார்கள்.

"உனக்கு இருக்கற தொல்லையில இது வேறயான்னுதான்" என்றாள் ஷெல்லி, முகத்தைப் பார்க்காமல். "வேற ஒண்ணும் இல்ல."

வேற ஒண்ணும் இல்லையாம். கடனை அடைத்தவளைவிடக் கடனே தெரியாதவள் யோக்கியம் என்பது இங்கே எல்லார் மனசிலும் ஊறிப்போனது. கடன் தர மறுத்த சங்கத்தின் மேல்கூட அவளுக்கு அவ்வளவு கோபம் வரவில்லை.

சங்கம் கடிதத்தைப் பார்த்துவிட்டு, சிநேகிதர்கள் எழுதித் தருவது ஆதாரமாகாது, பந்தயமில்லாத மூன்று மாதக் கணக்கோடு வரட்டும் என்று சொல்லிவிட்டது. ஏட்ரியனிடம் ஜூன் வரை கேட்டுப் பார்த்தாள். "நானும் பிள்ளகுட்டிக்காரன்தான் லொரைன்" என்றான். ஏப்ரலில் லண்டன் ஆள் ஒருவன் வீட்டை நேரில் பார்க்காமல் போனிலேயே வாங்கினான். வீட்டைப் புதுப்பித்து அறை அறையாக வாடகைக்கு விடப் போகிறானாம். இரண்டு மாதத்தில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது.

ஜூன் எட்டாம் தேதி, கீத் போவதற்கு முந்தின நாள் மத்தியானம், லொரைன் சமையலறை மேசையில் அவனுடைய துணிகளைப் பரப்பி வைத்திருந்தாள். காப்பகத்தில் எல்லாருடைய துணியும் ஒன்றாகத் துவைப்பார்களாம், பேர் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பனியன் கழுத்தில் அழியாத மையால் 'கீத்' என்று எழுதிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"லொரைன், ஸ்டூவர்ட் பேசறேன். நல்ல சேதி" என்றான். "மூணு மாசக் கணக்கும் சுத்தமா இருக்கு. சங்கத்துல பேசிட்டேன், ஐம்பத்தேழாயிரம் வரைக்கும் தரேங்கறாங்க. வேற வீடு ஒண்ணு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

உள்ளே குளியலறையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீத் ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கும் சத்தம் கேட்டது.

"ரொம்ப நன்றி ஸ்டூவர்ட்" என்றாள் லொரைன். "பாத்துட்டுச் சொல்றேன்."

இன்னும் ஒன்பது பனியன் பாக்கி இருந்தது. அடுத்ததை எடுத்தாள்.