அட்டைக்குழல் எடுக்காத பச்சைச் சுருள்

ஒசாகா அரங்கத்தில் சயோகோ வீசிய காகிதச்சுருள் இருபதாவது வரிசையிலிருந்து கிளம்பி, மல்யுத்த மேடையைத் தாண்டி, எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவரின் தேநீர்க் குவளைக்குள் போய் விழும். இது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான், ஒப்புக்கொள்ள வேண்டும். வரிசை இருபது இல்லை, பன்னிரண்டு. தேநீர் பிற்பாடு சேர்ந்துகொண்டது. ஆனால் பத்தொன்பது வயதில் அவளோடு துவாலை ஆலையில் வேலை பார்த்த பெண்கள் அவள் கைவீச்சைப் பற்றி அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். பேச வைத்தவளும் அவள்தான்.

இப்போது நாற்பத்தொன்று. பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு ஆக்குகிறாள். கூட வேலை செய்பவர்களின் நகத்தைத் தினமும் பார்த்துவிட்டுத்தான் அடுப்புப் பக்கம் விடுவாள். மாதத்தின் முதல் ஞாயிறு மதியம் மட்டும் யோஷினோவின் கடைக்குப் போவாள். யோஷினோ ஒரு காலத்தில் மல்யுத்தக்காரி. நாற்பத்தேழு முறை மேடையேறி நாற்பத்தேழு முறையும் தோற்றவள். இன்று இரும்புக்கல்லில் முட்டைக்கோஸ் அடை வார்க்கிறாள். ரயில்வேயில் டிக்கெட் கிழித்து ஓய்வுபெற்ற நிஷிமுராவும் வருவார். மூவரும் பழைய மல்யுத்தப் பட்டப் போட்டி ஒன்றைப் பார்த்து ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். நிஷிமுரா அதைக் கையெழுத்து இதழாக எழுதி, நகலெடுத்து, அறுபது பேருக்கு அனுப்புவார்.

அன்று அவர் எடுத்து வைத்த வீடியோ வட்டைப் பார்த்ததும் சயோகோவுக்கு வாய் கசந்தது. வீராங்கனை இவாசே தமாகியின் கடைசிப் பட்டப் போட்டி.

"நூறாவது இதழ். ஒரே ஒரு ஆட்டத்துக்கு முழு மதிப்பெண். மூணு பேரும் ஒத்துக்கணும்," என்றார் நிஷிமுரா. "எப்பப் பார்த்தாலும் நீங்க இதுக்குப் பூஜ்ஜியம்தான் போடுறீங்க. இந்தத் தடவை காரணத்தை எழுதிக் குடுங்க, அப்படியே இதழ்ல போடுறேன். இல்லாட்டி உங்க பூஜ்ஜியம் செல்லாது."

"பிடிக்கல. அதான் காரணம்."

"கத்தரிக்காய் பிடிக்கலன்னு சொல்ற மாதிரி சொல்றீங்களே."

காரணம் அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக அதை யாரிடமும் சொன்னதில்லை. இன்று எழுதினால் அறுபது பேர் படிப்பார்கள். எழுதாவிட்டால் அந்த ஆட்டம் மகுடம் சூட்டிக்கொள்ளும்.

அந்த நாட்களில் மேடையில் பெயர் அழைக்கப்பட்டதும் ரசிகைகள் அவரவர் வீராங்கனையின் நிறத்தில் காகிதச்சுருள் வீசுவார்கள். தமாகிக்குப் பச்சை. ஒவ்வொரு சுருளுக்கும் நடுவில் கெட்டியான அட்டைக்குழல் இருக்கும். அதை உருவி எறிந்துவிட்டு, தாளைத் தளர்வாகச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் யார் முகத்திலாவது பட்டுக் காயமாகும். பச்சைக் கூட்டத்துக்குத் தலைவி சயோகோ. அரங்க வாசலில் நின்று ஒவ்வொரு சுருளையும் விரலால் அமுக்கிப் பார்ப்பாள். குழல் மிச்சமிருந்தால் அந்தப் பெண் அழுதுகொண்டுதான் உள்ளே போவாள்.

தமாகியின் அந்தக் கடைசிப் போட்டியன்று தன்னுடைய சுருள்களில் ஒன்றில் மட்டும் அவள் குழலை எடுக்கவில்லை. குழல் இருந்தால் தூரமாகப் போகும். மறு மாதம் தமாகிக்கு இருபத்தைந்து முடிகிறது, நிறுவனத்தின் சட்டப்படி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கடைசியாகத் தன் சுருள் அவள் மேல் பட வேண்டும் என்று ஆசை. எறிந்தாள். மறுகணம் தமாகி இடது கண்ணைக் கையால் பொத்தினாள். ஒற்றைக் கண்ணோடு இருபத்து மூன்று நிமிடம் போராடித் தோற்றாள்.

யோஷினோ வட்டைப் போட்டாள். வர்ணனையாளரின் குரலில் எண்ணெய் வழிய ஆரம்பித்தது. சுருள் வீசும் இடம் வருவதற்குள் சயோகோ வழக்கம்போலக் கல்லில் கருகிய விளிம்பைச் சுரண்டத் தொடங்கிவிட்டாள். அந்த இடத்தை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பிறகு நிமிர்ந்தாள். திரையில் தமாகியின் கண் பிளம் பழம் போல வீங்கியிருந்தது. எதிராளி அந்தப் பக்கமாகவே அறைந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு அறைக்கும் கூட்டம் பூரித்துப்போய்க் கூவியது.

"அந்தக் கண்ணைப் பாருங்க," என்றார் நிஷிமுரா, மென்றுகொண்டே. "அதுதான் ஆட்டத்தோட ஆன்மா."

சயோகோ வாயிலிருந்த அடையைக் கைத்துணியில் துப்பினாள்.

"ஆன்மாவா? அந்த ஆன்மாவைச் செஞ்சது நான்தான், எழுதிக்குங்க. குழல் எடுக்காம எறிஞ்சேன். அவ கண்ணுல பட்டுச்சு. ஊரெல்லாம் குழல் சோதிச்ச பெரிய மனுஷி நான். இப்ப முழு மதிப்பெண் போடுங்க, எனக்கும் சேர்த்து."

நிஷிமுராவின் சாப்பாட்டுக் குச்சி பாதி வழியில் நின்றது. யோஷினோ மட்டும் அடையைத் திருப்பிப் போட்டாள், தட்டிவிட்டாள், பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வட்டைப் பின்னோக்கி ஓட்டினாள்.

"இப்பப் பாருங்க சயோகோ. கல்லை அப்புறம் சுரண்டலாம்."

தமாகி நடைபாதையில் வந்துகொண்டிருந்தாள். இன்னும் ஒரு சுருள்கூடப் பறக்கவில்லை. இடது கண்ணைச் சுற்றி முகம் சுவர் போல வெளுத்திருந்தது.

"காலைல பஸ்ல மேல் தட்டுலேர்ந்து பெட்டி விழுந்து அவங்க கண்ணுல பட்டுடுச்சு," என்றாள் யோஷினோ. "வீக்கம் தெரியாம முகத்துக்கு மாவு பூசிவிட்டது நான்தான். மேடைக்குப் போனதும் மாவு வேர்வைல கரைஞ்சு கண்ணுல இறங்குச்சு, அதான் பொத்திக்கிட்டாங்க."

சயோகோ நிம்மதி வரும் என்று காத்திருந்தாள். வந்தது நிம்மதி இல்லை.

"காலைலேயே தெரியுமா? தெரிஞ்சேதான் மேடை ஏத்துனாங்களா?"

"கம்பெனி முதலாளி வந்து பார்த்தார். மாவு கரைஞ்சு வீக்கம் தெரிஞ்சா கேமராவுக்கு நல்லா இருக்கும்னார்."

"நீ?"

"எனக்கு அப்ப பதினாறு வயசு, கம்பெனியில எடுபிடி. இன்னும் கொஞ்சம் மாவு பூசினேன்."

யோஷினோ அதைச் சொன்னபோது யார் முகத்தையும் பார்க்கவில்லை. சயோகோ மேசையிலிருந்த பேனாவை எடுத்து நிஷிமுராவின் தாளில் பெரிதாக ஒரு பூஜ்ஜியம் போட்டாள். போட்ட வேகத்தில் தாள் கிழிந்தது.

"காரணம் எழுதிக்குங்க. அடிபட்ட பொண்ணை அடிக்க விட்டுட்டு அதுக்கு ஆன்மான்னு பேர் வச்சவங்களுக்கு, என்னையும் சேர்த்து, இதுதான் மார்க்."

நிஷிமுரா எழுதிக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "பன்னிரண்டாவது வரிசைலேர்ந்து எறிஞ்ச சுருள்னு போடட்டுமா? அந்தக் கைவீச்சு ஊரறிஞ்சதாச்சே."

"போடுங்க," என்றாள் சயோகோ. "அது மேடை தாண்டிப் போயிருக்கும்."

"போடாதீங்க," என்றாள் யோஷினோ. "சிதறின காகிதத்தைப் பொறுக்குறதுதான் அன்னிக்கு என் வேலை. குழலோட ஒரே ஒரு பச்சைச் சுருள்தான் கிடைச்சது, ஆறாவது வரிசைல. கணவாய் மீன் தின்னுக்கிட்டிருந்த ஒரு பெரியவர் மடியில கிடந்துச்சு. அவ்வளவு தூரம் வந்ததும், எட்டாவது வரிசைக்காரர் மண்டையில பட்டுத் தெறிச்சதாலதான்."