வாசலில் நின்ற கொக்கு

ஜெர்மனியின் பிரேமன் நகரில் டிராம் ஓட்டி ஓய்வுபெற்ற வீப்கே, கடையில் ஒரு விளக்குகூட வாங்கியதில்லை. பழைய சாமான்களை அள்ள மாநகராட்சி வண்டி வரும் நாளில், தெருவில் நிற்பதெல்லாம் எடுப்பவருக்குச் சொந்தம். யாரையும் கேட்டு எடுப்பது அந்த ஊரில் வழக்கமே இல்லை. ஓட்டைச் சல்லடை அவள் கையில் விளக்காகும், சைக்கிள் சக்கரம் கடிகாரமாகும்.

அப்படியொரு நாள் காலையில் கிடைத்தவை நாலு ஓக் மர நாற்காலிகள். மதியத்துக்குள் அவற்றை அறுத்து, ஆணியடித்து, ஆளுயரக் கொக்காக வாசலில் நிறுத்திவிட்டாள்.

எதிர்வீட்டுக்கு அன்றுதான் குடிவந்த டெட்லெஃப், கொக்கின் இறக்கையைப் பார்த்துத் திகைத்து நின்றான்.

“ஐயோ, இது எங்கம்மா நாற்காலிங்க! மேசைய மாடிக்கு ஏத்திட்டு வர்றதுக்குள்ள காணோம்னு காலைலேர்ந்து தேடறேன்!”

ரம்பம் இன்னும் வீப்கேவின் கையிலேயே இருந்தது.

“இன்னைக்குப் போயா தெருவுல வெப்பீங்க? இந்த நாள்ல யாராச்சும் குடிவருவாங்களா?”

அவன் தன் வீட்டுக்குள் போனான். கொஞ்ச நேரத்தில் அந்த மேசையைத் தனியாளாகப் படியிறக்கி, இழுத்து வந்து அவள் வாசலில் போட்டான்.

“நாற்காலி இல்லாம இது மட்டும் எனக்கு எதுக்கு? இதையும் அறுத்துடுங்க.”