றிபாத் கையெழுத்து வைக்கமாட்டான்

மருதமுனை மெயின் ரோட்டில் டயர்க் கடை வைத்திருக்கிற றிபாத்திடம் எதையும் கேட்கலாம், கையெழுத்து மட்டும் கேட்கக் கூடாது. மகள் றஸ்னா ஸ்கூல் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து நீட்டினால் "உம்மாட்ட குடு" என்பான். பள்ளிவாசல் கூட்டத்தில் வருகைப் புத்தகம் வந்தால், தொடாமலே பக்கத்து ஆளின் மடிக்குத் தள்ளிவிட்டு மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்ப்பான். எழுதத் தெரியாதவன் என்று நினைத்துவிட வேண்டாம். ஓஎல் சோதனை வரை படித்தவன், எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஆறு வருசமாக வைக்கவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்கும் கடைக்கும் அவன் மனைவி நாச்சியாதான் கையெழுத்து.

அவன் வைத்த கடைசிக் கையெழுத்து கட்டாரில் கிடக்கிறது. அங்கே பெரிய பைக்குகள் திருத்துகிற ஒரு கராஜில் பதினொரு வருசம் டயர் வேலை செய்தான். நாள்கணக்கில் ஊர் சுற்றப் போகிற அந்தப் பைக்குகளில், டயருக்கு உள்ளே, வால்வோடு சேர்த்து, நெருப்புப்பெட்டி அளவில் ஒரு சென்சர் இருக்கும். டயரில் எவ்வளவு காத்து இருக்கிறது என்று அது ஹேண்டிலுக்கு முன்னால் இருக்கிற ஸ்கிரீனுக்குச் சொல்லிக்கொண்டே வரும். அதன் பற்றரி செத்தால் சென்சரையே மாற்ற வேண்டும். மாற்றும்போது டயரை நெம்புகிற லீவரை வால்வுப் பக்கம் போட்டால் பொட்டென்று உடைந்துவிடும். றிபாத் பதினொரு வருசத்தில் ஒன்றைக்கூட உடைத்ததில்லை. ஆனால் ஒரு ஆகஸ்ட் மாதம், அவன் சென்சர் மாற்றிய பைக்கில் ஸ்கிரீன் ஒரு கணக்கும் காத்து அளக்கிற கேஜ் ஒரு கணக்கும் காட்டியது. பைக்கின் சொந்தக்காரன் வந்து குதித்தான். ஃபோர்மன் ஒரு இங்கிலீஷ் கடுதாசியை நீட்டி, "வேலை செய்யும்போது நான்தான் உடைத்தேன் என்று இதில் ஒன்று வை, பிரச்சினை முடிந்துவிடும்" என்றான். றிபாத் வைத்தான். முடிந்தது அவனுடைய வேலைதான். உடைக்காததை உடைத்தேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்த மனுசன், பிறகு எந்தக் கடுதாசியைக் கண்டாலும் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொள்வான். யாரைக் குற்றம் சொல்வது? அவனைத்தான் அவனே சொல்லிக்கொள்கிறான்.

இப்படியானவனிடம் சித்திரை மாதம் ஒரு பைக் வந்தது. கொண்டுவந்தது தனஞ்சயன். காரைதீவுப் பொடியன், கொழும்பில் எஞ்சினியர், வருசப் பிறப்பு லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தான். பைக் என்றால் பைக்கா அது! ரெண்டு பக்கமும் பெட்டி, பின்னால் பெட்டி, முன்னால் ஆளுயரக் கண்ணாடி. குடும்பத்தோடு குடியிருக்கலாம். பத்து வருசம் பழையது, ரெண்டு டயர் சென்சரும் செத்துவிட்டன. லண்டனில் இருக்கிற அக்கா புதுசு ரெண்டு அனுப்பியிருந்தாள். மறுநாள் விடிய கூட்டாளிமாரோடு பொத்துவில் பக்கமாக இறங்கித் தீவையே சுற்றப் போகிற திட்டம். றிபாத்தை ஊர் வழக்கப்படி அண்ணன் முறைக்குக் காக்கா என்று கூப்பிட்டான்.

"கொழும்புல பைக் கொம்பனி ஏஜென்டுக்குக் கோல் எடுத்தனான் காக்கா. அந்தப் பக்கம் இது ஆருக்கும் தெரியாது, கொழும்புக்குத்தான் கொண்டு வரணும் எண்டு சொல்றாங்க. நீங்க கட்டார்ல செஞ்சிரிக்கீங்க எண்டு கேள்விப்பட்டன்."

"அந்தப் பக்கமா?" றிபாத்துக்குச் சுருக்கென்றது. "நாங்க என்ன கடலுக்குள்ளயா இரிக்கம்? நிப்பாட்டுங்க தம்பி பைக்க."

அவன் வேலை செய்ததைப் பார்த்திருக்க வேண்டும். வாய் துடுக்கானவன், ஆனால் சக்கரத்தைக் கழற்றிக் கையில் எடுத்தால் வெள்ளிக்கிழமைக் கொத்துபாப் பிரசங்கம் கேட்கிறவன் மாதிரி அமைதியாகிவிடுவான். வால்வு இருக்கிற இடத்தில் றிம்மில் சோக்கட்டியால் பெரிய கோடு போட்டான். அதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில்தான் டயரை அமுக்கி இளக்கினான். சவர்க்காரத் தண்ணி தடவி, லீவருக்குக் கீழே துணி வைத்து, பச்சைப் பிள்ளைக்குச் சட்டை கழற்றுவது போலக் கழற்றினான். புதுச் சென்சரைப் பூட்டுவதற்கு முன் அதன் முதுகில் இருந்த நம்பரைச் சுவரில் எழுதினான். டயரை மூடிவிட்டால் அந்த நம்பரைப் பார்க்க ஏலாது, அந்த நம்பர் தெரியாவிட்டால் பைக் சென்சரைச் சேர்க்காது. தனஞ்சயன் சுவரைப் பார்த்து நம்பர்களைப் போனில் அடித்துப் பைக்கோடு சேர்த்தான். கேஜை வைத்துக் காத்து முன்னுக்கு முப்பத்தாறு, பின்னுக்கு நாற்பத்திரண்டு அடித்தான். எல்லாம் முடிய ளுஹர்த் தொழுகை நேரம் தாண்டிவிட்டது. தகரக் கூரைக்குக் கீழே அனல் பறந்தது.

"ஒரு சுத்து ஓட்டிட்டு வாங்க. ஓடினாத்தான் சென்சர் முழிக்கும்."

தனஞ்சயன் பாண்டிருப்பு வரை போய்க் கிறுகி வந்தான். முகம் சரியில்லை. ஸ்கிரீனில் முன்னுக்கு முப்பத்தி மூன்று, பின்னுக்கு முப்பத்தெட்டு. றிபாத் கேஜை வைத்துப் பார்த்தான், முன்னுக்கு முப்பத்தாறுக்கும் ஒரு மயிரிழை மேலே. அதே வித்தியாசம். அதே எழவு வித்தியாசம், கடல் தாண்டி வந்து மருதமுனையில் நிற்கிறது.

தனஞ்சயன் ஏஜென்டுக்குப் போன் அடித்து ஸ்பீக்கரில் போட்டான். அங்கே இருந்தவர் முழுதும் கேட்கக்கூட இல்லை. "நான் சொன்னேன்தானே? லீவர் பட்டு உடைஞ்சிருக்கும். அதை நம்பி ஓடாதீங்க. எங்களிட்ட புதுசு எடுக்கிறதெண்டா, சாமானில பிழையில்லை, பூட்டினவர்தான் உடைச்சார் எண்டு ஒரு எழுத்து வாங்கிட்டு வாங்க" என்றார். ரெண்டு நிமிசத்தில் தீர்ப்பு.

தனஞ்சயன் மரியாதையான பொடியன்தான், ஒன்றும் சத்தம் போடவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பெட்டியின்மேல் வைத்து நாலு வரி எழுதினான். "கோவிக்காதீங்க காக்கா. ஒங்கள்ட்ட நான் காசு ஒண்டும் கேக்கல்ல. வேலை செய்யக்குள்ள சென்சர் சேதமாப் போச்சி எண்டு இதுல ஒரு கையெழுத்து மட்டும் வைங்க. அவ்வளவுதான், பிரச்சினை முடிஞ்சிடும்."

பிரச்சினை முடிந்துவிடுமாம்! றிபாத் கையைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலைக்கு எறிந்தான்.

"வைக்கமாட்டன்."

"காக்கா…"

"மௌத்தாப் போனாலும் வைக்கமாட்டன். நான் ஒடைக்கல்ல. ஒடைக்காத சாமான ஒடைச்சன் எண்டு ஒருக்கா வெச்சிட்டு வந்தவன் நான். இன்னொருக்கா இந்தக் கை வைக்காது. அந்தத் தாள மடிச்சி வைங்க தம்பி."

"அப்ப ஏன் மூண்டு குறையக் காட்டுது?"

"சூட்டுல காத்து வீங்கும். இந்தக் கேஜ் வீங்கின காத்தக் காட்டுது. ஒங்கட ஸ்கிரீன் வெயில் இல்லாட்டி எவ்வளவு இரிக்குமோ, அதக் கணக்குப் பாத்துக் காட்டுது. ரெண்டும் மெய்தான் சொல்லுது."

"இத ஆர் ஒங்களுக்குச் சொன்னது?"

"கட்டார்ல ஜனவரி மாசம் சொன்னிச்சி."

தனஞ்சயனுக்கு விளங்கவில்லை. விளங்கும்படி சொல்ல றிபாத்துக்குப் பொறுமையும் இல்லை, ஆனாலும் சொன்னான். கையெழுத்து வாங்கிய பிறகும் கராஜ்காரர்கள் அவனை ஊருக்கு அனுப்ப ஐந்து மாதம் இழுத்தடித்தார்கள். கடைசிக் கிழமை, குளிர்ந்த ஒரு ஜனவரிக் காலையில், அதே பைக் வேறொரு வேலைக்கு வந்தது. உள்ளே இருந்தது அவன் பூட்டிய அதே சென்சர், எவனும் மாற்றியிருக்கவில்லை. ஒருவரும் பார்க்காத நேரம் கேஜை வைத்துப் பார்த்தான். ஸ்கிரீனும் கேஜும் ஒரே கணக்கு! ஃபோர்மனிடம் ஓடினான். "நீ டயர்காரன், உன் வேலையைப் பார்" என்று அவன் கதவைச் சாத்தினான்.

தனஞ்சயன் நம்பவும் முடியாமல் விடவும் முடியாமல் தலையைச் சொறிந்தான். "சரி காக்கா, ஆனா இஞ்ச ஜனவரிக் குளிருக்கு எங்க போறது? நான் நாளைக்கு விடிய ஓடணுமே."

அந்த நேரம் பின்னால் ஒரு சத்தம். "ரெண்டு பேரும் கதைச்சி முடிச்சிட்டீங்கண்டா என்ட பஞ்சரையும் பாருங்களன். மீன் நாறுது!"

அது முஸ்தாக். மோட்டர்சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டித் தெருத்தெருவாக மீன் விற்கிறவன். டயர் பஞ்சராகி அரை மணித்தியாலமாக நின்று புறுபுறுத்துக்கொண்டிருந்தான். பெட்டிக்குக் கீழே ஐஸ் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. றிபாத் அந்தச் சொட்டைப் பார்த்தான். பிறகு பெட்டியைப் பார்த்தான்.

"முஸ்தாக், ஒன்ட ஐஸத் தா."

"என்னது?"

"ஐஸ்டா! பெட்டியில இரிக்கிற முழு ஐஸும்."

"ஒனக்கென்ன விசரா? என்ட பாரையும் சூரையும் என்னாகிற?"

"மீன நாச்சியாட்ட குடு, ஃபிரிட்ஜில வைப்பா. ஒன்ட பஞ்சருக்கு இண்டைக்கு ஒண்டும் வேணாம். தாடா மச்சான், என்ட மானம் போகுது இஞ்ச!"

முஸ்தாக் வாயால் ஏசிக்கொண்டே கையால் பெட்டியைத் திறந்தான். நல்ல மனுசர்கள் அப்படித்தான். கடைக்குப் பின்னால்தான் வீடு. நாச்சியா வந்து, ஒரு கேள்வியும் கேட்காமல் மீனை வாளியில் அள்ளிக்கொண்டு போனாள். புருசனின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விசயம் பிடிபட்டுவிட்டது.

பைக்கை டபுள் ஸ்டாண்டில் ஏற்றி, முன்சக்கரம் நிலத்தில் படாமல் ஜாக் கொடுத்தான். சாக்குகளில் ஐஸை நொறுக்கிப் போட்டு டயரைச் சுற்றிக் கட்டினான். ரோட்டால் போனவர்கள் நின்று பார்த்தார்கள். "என்ன றிபாத், பைக்குக்குக் காய்ச்சலா?" என்று ஒருத்தர் கேட்டார். "ஓம், கொழும்புக் காய்ச்சல்!" என்றான். சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அரை மணித்தியாலம் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி உருட்டி ஐஸ் வைத்தான். விரல் விறைத்தது. பயந்துதான் இருந்தான், பொய் சொல்வானேன். பிழையாகிப் போனால் இத்தனை பேருக்கு முன்னால் பிழையாகும்.

"தம்பி, நீங்களே வைங்க" என்று கேஜைத் தனஞ்சயனிடம் நீட்டினான். "நான் வெச்சா நான் காத்த வெளிய விட்டன் எண்டுவீங்க."

தனஞ்சயன் குந்தியிருந்து வைத்தான். முப்பத்தி மூன்று. எடுத்து மறுபடி வைத்தான். முப்பத்தி மூன்றேதான். ஒரு சொட்டுக் காத்தை யாரும் திறந்து விடவில்லை.

"சும்மா இரிக்காதீங்க, ஓடுங்க! சூடாக முந்தி ஒரு சுத்து ஓடிட்டு வந்து ஸ்கிரீனப் பாருங்க."

சாக்கை அவிழ்த்ததும் மீன் மணத்தோடு அந்த ராஜ வாகனம் ரோட்டில் ஏறியது. பள்ளிச் சந்தி வரை போய்க் கிறுகி வந்தது. தனஞ்சயன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னான்: "முப்பத்தி மூண்டு. மாறவே இல்ல." கேஜை வைத்தான். அதுவும் முப்பத்தி மூன்று. பிறகு போனில் பைக்கின் கையேட்டுப் புத்தகத்தைத் தேடித் தேடிப் பார்த்தவன், ஒரு பக்கத்தில் நின்றுவிட்டான்.

"எழுதித்தான் இரிக்கி காக்கா. ஸ்கிரீன்ல காட்டுறது இருபது பாகைச் சூட்டுல இரிக்கக்கூடிய காத்தாம். பத்து வருசமா வாற புத்தகம், நான் ஒருநாளும் தொறக்கல்ல. மன்னிச்சிக்கொள்ளுங்க."

"மன்னிப்பு இரிக்கட்டும். அந்த ஏஜென்டுக்கு அடிங்க."

அடித்தான். விசயத்தைச் சொன்னான். "ஆ… அப்படியும் இருக்கலாம்" என்றார் ஏஜென்ட். இருக்கலாமாம்! உடைத்தான் என்று சொல்ல ரெண்டு நிமிசம் எடுக்காத வாய், உடைக்கவில்லை என்று சொல்ல மென்று முழுங்குகிறது. றிபாத்துக்கு வந்த கோபத்தில் போனைப் பறிக்கப் பார்த்தான். பிறகு என்ன நினைத்தானோ, போனை விட்டுவிட்டான்.

"அந்தத் தாள எடுங்க தம்பி."

"எந்தத் தாள்?"

"நான் ஒடைச்சன் எண்டு எழுதினீங்களே, அது."

தனஞ்சயன் தயங்கித் தயங்கி எடுத்துக் கொடுத்தான். றிபாத் அதைத் திருப்பி, எழுதாத பக்கத்தைப் பைக்கின் பெட்டிமேல் விரித்தான். காதில் செருகியிருந்த பேனையை எடுத்து எழுதினான்: "இந்தப் பைக்கின் ரெண்டு சென்சரையும் மருதமுனையில் வைத்துப் பூட்டியவன் நான். ரெண்டும் நன்றாக வேலை செய்கின்றன. சந்தேகம் உள்ளவர்கள் என் கடைக்கு வந்து பார்க்கலாம்."

எழுதி முடித்துப் பேனையைத் தூக்கியபடி நின்றான். முஸ்தாக் தன் பஞ்சரை மறந்து பார்த்துக்கொண்டிருந்தான். றிபாத் குனிந்து, கீழே தன் முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்து வைத்தான். அதே பழைய கையெழுத்து, ஒரு வளைவும் மாறவில்லை.

"இதக் கொண்டுபோய் அந்த ஏஜென்ட்ட மேசையில வைங்க. அந்தப் பக்கத்தான் தந்தான் எண்டு சொல்லுங்க."

தனஞ்சயன் தாளை மடிக்காமல், கசங்காமல், பெட்டிக்குள் பத்திரமாக வைத்தான்.

நாச்சியா பின்கதவில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். உள்ளே போனாள். மீன் கழுவிய ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, றஸ்னாவின் முதலாம் தவணை ரிப்போர்ட்டோடு திரும்பி வந்தாள். அதை அவன் முன்னால் விரித்து, பெற்றோர் கையெழுத்து என்று போட்டிருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"கை சூட்டோட இதுலயும் வைங்க. ஆறு வருசமா ஒங்கட வேலைய நான் பாக்கிறன்."

றிபாத் அவளை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தான்.