வயலைக் கொடுத்து வாங்கிய கார்

சுசீந்திரத்துக்கும் தேரூருக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சிற்றூரில் கணபதியப்பன் வீட்டுக்கு வழி கேட்டால், "யாரு, வயலக் குடுத்து இரும்பு வாங்கினாரே, அவரா?" என்று திருப்பிக் கேட்பார்கள். கேட்டவருக்கு வழி கிடைக்கும். கதையும் சேர்ந்து கிடைக்கும்.

கதை இதுதான். அப்பா செத்து அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது, கடைசியில் பிரிக்காத பொருள் இரண்டு மிஞ்சின. ஒன்று, வாய்க்கால் கரை வயல். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போகத்துக்கும் தண்ணீருக்குக் கவலையில்லாத நிலம். இன்னொன்று, அப்பா ஓட்டிய ஷெவர்லே கார். "எது வேணும்னு நீயே சொல்லுலே" என்று அண்ணன் தாணு விட்டுக்கொடுத்தார். கணபதியப்பன் காரைச் சொன்னார். மத்தியஸ்தத்துக்கு வந்திருந்தவர்கள் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

அந்தக் கார் அப்போதே ஓடவில்லை. யுத்தம் நடந்த வருஷங்களில் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தது. ஊரில் பஸ்களுக்குச் செய்ததுபோல அப்பாவும் காரின் முதுகில் கரியடுப்பு ஒன்றைப் பொருத்தி, புகையில் ஓட்டினார். அவர் படுக்கையில் விழுந்ததும் கார், மாட்டுவண்டியும் வைக்கோலும் போடும் வண்டிப்புரைக்குள் போனது. வீடும் வண்டிப்புரையும் அண்ணன் பாகத்துக்கு வந்தன. தம்பியின் கார் அண்ணனின் கூரைக்கு அடியில் நின்றது. பின்சீட்டில் கோழி அடைகாத்தது. வயர்களை எலி தின்றது. தம்பி நாகர்கோவிலில் பத்திரம் பதியும் ரிஜிஸ்தர் கச்சேரி வேலைக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். "அடுத்த பூவுக்குள்ள எடுத்துருவேன்" என்று ஒவ்வொரு பூவுக்கும் சொன்னார்.

கொல்லம் ஆண்டு 1128, தை மாதம். அண்ணனுக்குப் பொறுமை தீர்ந்தது.

"லே கணவதி, மாசியில அறுப்பு. வைக்கல எங்க போட? ஒந்தலையிலயா?"

"எடுத்துருகேன் அண்ணே."

"இதத்தான் போன பூவுக்கும் சொன்ன. கேட்டுக்க. அறுப்பு வண்டியில வைக்கல எறக்கதுக்குள்ள அது தானா நடந்து வெளிய வந்தா உனக்கு. காளையக் கட்டி இழுக்க வச்சியோ, இழுத்த இழுப்புல கோட்டாத்துப் பழைய இரும்புக் கடையிலதான் கொண்டு விடுவேன்."

கணபதியப்பன் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். மீனாட்சியம்மாள் முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"குளத்துல நான் கால வச்சா, 'காருக்காரி வாறா, வழி விடுங்கட்டி'ங்காளுவ. இத்தன வருசம் கேட்டாச்சி. ஒண்ணு அத ஓட்டும். இல்ல, ஓடாதுன்னு ஊருக்குச் சொல்லிரும். நடுவுல நிக்கப்பட்டதுதான் தாங்கல."

மறுநாளே நேசையனைப் பிடித்தார். நாகர்கோவிலில் ஒரு பஸ் கொட்டகையில் வேலை பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் ஆராதனை முடிந்தபிறகுதான் வருவான். கையைவிட வாய் வேகமாக ஓடும். கோழியை விரட்டி, வைக்கோலை வாரி, போனட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சார், இது சாகல. ஒறங்குது" என்றான். கணபதியப்பனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. முன்பக்கம் இஞ்சினைச் சுற்றும் ஹாண்டிலைப் போட்டு நேசையன் தொங்கியே பார்த்தான். இஞ்சின் மயிரிழைகூடத் திரும்பவில்லை. "கொஞ்சம் கடுத்த ஒறக்கம்" என்றான்.

முதுகுக் கரியடுப்பையும் பிளக்குகளையும் கழற்றி, குழிகளில் மண்ணெண்ணெய் விட்டார்கள். ஊற வைத்தார்கள். ஒரு ஞாயிறு போனது. வயர் மாற்றினார்கள். இன்னொரு ஞாயிறு போனது. ரேடியேட்டர் குழாய் நைந்திருந்தது. திற்பரப்புப் பக்கம் மலையெல்லாம் ரப்பர் மரம் நிற்கிறது, அதற்கு அளவாக ஒரு துண்டு ரப்பர் குழாய் ஜில்லா முழுக்கத் தேடியும் இல்லை. சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கம்பியால் இறுக்கினார்கள். நேசையன் எங்கோ கெஞ்சி ஒரு பழைய பாட்டரியும் ஒரு டின் பெட்ரோலும் கொண்டுவந்தான். அன்றைக்குத்தான் இஞ்சின் கொஞ்சம் இளகியது. ஹாண்டில் அரைச் சுற்று போனது.

"அடுத்த வாரம் புது இஞ்சின் ஆயில் கொண்டாறேன். பழசெல்லாம் தாராட்டம் கெடக்கு, வடிச்சாச்சி. அதுவரைக்கும் தொடாதயும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அவனுடைய சித்தி மகளுக்கு வேதக்கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கிறார்களாம். அடுத்த ஞாயிறு, அந்தக் கல்யாணமாம்.

வயலில் கதிர் தலை சாய்ந்துவிட்டது. கச்சேரிக்குப் போகும் வழியெல்லாம் அந்த மஞ்சள் கணபதியப்பனை மிரட்டியது. அண்ணன் அரிவாள்களைத் தீட்டக் கொடுத்துவிட்டார். நேசையன் வருகிற வழியைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது.

அப்போதுதான் அவருக்குத் தேர் ஞாபகம் வந்தது. ஊர்க் கோயில் தேர் வருஷம் முழுக்க மழையிலும் வெயிலிலும் ஓலைக்குள் நிற்கிறது. திருவிழாவுக்கு முந்தின நாள் குடம் குடமாகப் புன்னைக்காய் எண்ணெயை அச்சில் ஊற்றுகிறார்கள். மறுநாள் தேர் ஓடுகிறது. சின்ன வயதிலிருந்து பார்த்தது. அவ்வளவு பெரிய தேருக்கு ஆகும் எண்ணெய் இந்தக் காருக்கு ஆகாதா?

விளக்கெரிக்க வைத்திருந்த புன்னை எண்ணெயை எடுத்துக்கொண்டு போனார். பிளக்குக் குழிகளில் விட்டார். மிச்சத்தை இஞ்சின் வயிற்றில் ஊற்றினார். ஹாண்டிலைப் போட்டார். வழுக்கிக்கொண்டு சுற்றியது. பிளக்கை மாட்டி, பாட்டரியை இணைத்து மறுபடி சுற்றினார். கார் இருமியது. இன்னொரு இருமல். பிறகு கடகடவென்று உயிர் வந்துவிட்டது.

தெரு கூடியது. சத்தத்தைவிட முதலில் போனது வாடை. சன்னதியில் ஆயிரம் விளக்கு ஏற்றினதுபோல வெள்ளைப் புகை ஊரை மூடியது. ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தாணு புறவாசலில் வந்து நின்று பார்த்தார். அவர் பார்க்கட்டும் என்றே கணபதியப்பன் இன்னும் கொஞ்ச நேரம் இஞ்சினை ஓடவிட்டார். நாளைக் காலையில் குளித்து, சந்தனம் வைத்து, நல்ல நேரம் பார்த்து வெளியே ஓட்டுவது என்று முடிவு செய்து நிறுத்தினார்.

மறுநாள் சந்தனம் வைத்தார். ஹாண்டில் அசையவில்லை. முன்னைவிட மோசமாக, சுவரில் அடித்த ஆணிபோல நின்றது.

நேசையன் ஒருவழியாக ஆயில் டின்னோடு வந்தான். இஞ்சின் மூடியைத் திறந்து விரலை விட்டான். விரலோடு பிசின் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. மோந்து பார்த்தான்.

"சார், இது இஞ்சினா, குத்துவெளக்கா?"

"நீ வந்திருந்தா நான் ஏன்டே ஊத்தப் போறேன்?"

"நான் வரல்லன்னா, வெசத்தக் குடிப்பீரா? சூட்டுல காஞ்சு அரக்காட்டம் பிடிச்சிருக்கு. இத இனி மண்ணெண்ணெயில பிள்ளையக் குளிப்பாட்டுகது மாதிரி குளிப்பாட்டணும்."

இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டே குளிப்பாட்டினார்கள். நேசையன் அன்று ஊருக்குப் போகவில்லை. பிசினை வடித்து, சுரண்டி, புது ஆயில் விட்டான். அப்படியும் அசையாத கோபத்தில் ஹாண்டிலைச் சுத்தியலால் தட்டினான். ஹாண்டில் வளைந்தது. கொல்லன் பட்டறையில் நிமிர்த்திக் கொண்டுவந்தார்கள். இஞ்சின் மட்டும் நிமிரவில்லை.

அறுப்பு தொடங்கிவிட்டது. வைக்கோல் வண்டிகள் தெருவில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. தாணு காளைகளை அவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வண்டிப்புரை வாசலில் நின்றார்.

"போரும்லே. கயிறு போடட்டா?"

கணபதியப்பன் மட்கார்டில் உட்கார்ந்திருந்தார். கையில் பிசின், வேட்டியில் பிசின். "தேருக்கு ஊத்துன எண்ணெதான்" என்று யாரிடமோ சொல்வதுபோல முணுமுணுத்தார். "அது ஓடுகில்லா?"

மீனாட்சியம்மாள் அவருக்குக் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். தூக்குவாளியை நங்கென்று வைத்தாள்.

"தேரு எண்ணெயிலயா ஓடுச்சி? நீரு வடத்துக்கு முன்ன நின்னு வேடிக்க பாத்தவரு. நாங்க பொம்பளைய பின்னால நிப்போம். சக்கரத்துக்கு அடியில தடியப் போட்டு நாலு ஆளு ஏறி நெம்புனாதான் தேரு மொத அடி வைக்கும். எண்ணெ ஊத்துனது மட்டும் தெரிஞ்சிருக்கு, நெம்புனது தெரியல்ல."

நேசையன் தலையைத் தூக்கினான். "சார், கியரப் போட்டுப் பின்சக்கரத்த நெம்புனா இஞ்சினு சேந்து திரும்பும். நான் ஏன் இத நெனைக்கல?"

"நீ பேசிக்கிட்டுல்லா இருந்த" என்றாள் மீனாட்சியம்மாள்.

வைக்கோல் வண்டியோடு வந்தவர்களுக்கும் சும்மா நிற்பது சலித்திருந்தது. கமுகுத் தடிகள் வந்தன. நேசையன் கியரைப் போட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தான். தாணு குறுக்கே வந்தார்.

"தானா வரணும்ன்னுல்லா பேச்சு."

"வாசப்படி தாண்டல்லியே அண்ணே. உள்ள வச்சு நெம்புகோம். தாண்டுகது அது தானாத் தாண்டும்."

தாணு யோசித்தார். வாசற்படியில் காலால் ஒரு கோடு கிழித்தார். "நெம்புகதுல இதுக்கு இங்க ஒரு சக்கரம் வந்தாலும் எனக்கு" என்று சொல்லிவிட்டுக் கோட்டிலேயே நின்றார்.

முன்னால் நெம்பினார்கள். பின்னால் நெம்பினார்கள். தடி ஒன்று முறிந்தது. யாரோ தேருக்குப் போடும் சத்தத்தைப் போட, எல்லோரும் சேர்ந்து போட்டார்கள். நாலாவதோ ஐந்தாவதோ சத்தத்தில் காருக்குள்ளே 'டக்' என்று ஒன்று விட்டது. சக்கரம் முழுதாக உருண்டது. கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நேசையன் பிரேக்கில் ஏறி நின்றான்.

ஹாண்டிலைக் கணபதியப்பனே சுற்றினார். கார் இருமி, துப்பி, ஓடியது. நேசையன் நகர்ந்துகொண்டான். கணபதியப்பன் அப்பா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, கோட்டைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, தெருவில் இறங்கினார். தாணு ஒதுங்கிக் கொடுத்தார்.

வாய்க்கால் பாலத்துக்கு மேலே போனதும் கார் நின்றுவிட்டது.

நேசையன் பெட்ரோல் குழாயைக் கழற்றி ஊதினான். இத்தனை வருஷத்துத் துருவும் ஒரு கோழியிறகும் வந்தன. மறுபடி மாட்டினான். மறுபடி அடைத்தது. பாலம் ஒரு வண்டி போகும் அகலம். கார் அதை அடைத்துக்கொண்டு நின்றது. இந்தக் கரையில் நெல்வண்டிகள், அந்தக் கரையில் வெறும் வண்டிகள். "காரத் தள்ளும்வே" என்று ஒருவர். "தள்ளாதயும், வாய்க்கால்ல விழும்" என்று இன்னொருவர். கணபதியப்பன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

கடைசியில் தாணுதான் காளைகளை ஓட்டிவந்தார். முன்னால் கயிறு கட்டினார்.

"இரும்புக் கடைக்கா அண்ணே?"

"ஒன் வீட்டுக்குலே. வாக்குன்னா வாக்கு."

காளைகள் இழுக்க, வாய்க்கால் கரையோடு கார் உருண்டது. மீனாட்சியம்மாள் ஹாண்டிலைத் தோளில் சாய்த்துப் பின்னால் நடந்தாள். இடதுபக்கம் அந்த வயல். பாதி அறுத்தாயிற்று. மீதி கதிர் காற்றில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தது. தாணு காளையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார்.

"இப்பவும் ஒண்ணும் முடிஞ்சி போகல்ல. மாத்திக்கிடுவமா?"

கணபதியப்பன் வயல் பக்கம் பார்த்தார். பிசின் பிடித்த கையால் ஸ்டியரிங்கை இறுக்கினார்.

"முன்னால பாத்து நடயும் அண்ணே. பள்ளம் வருது."